மாத்திரைக்கு ஒரு மாத்திரை

மூத்திரம் என்ற சொல்லை அச்சில் கண்டதும் முகம் சுளிக்கிற வாசகர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. போகிற இடத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். தொடர்கதையில் வரும் கிழவிகள் வெற்றிலை இடிப்பார்கள், மருமகளைக் கரித்துக் கொட்டுவார்கள், பேரனுக்குக் கதை சொல்வார்கள், கடைசி அத்தியாயத்தில் கௌரவமாகக் கண்ணை மூடுவார்கள். அவர்களில் ஒருத்திகூடப் படுக்கையை நனைத்ததாக நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். நாவல் எழுதுகிற நாங்கள் அவ்வளவு நாசூக்கானவர்கள். பத்திரிகை ஆசிரியர்கள் எங்களைவிட நாசூக்கானவர்கள்.

இதைப் பெரிய பண்பாடு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நினைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் பண்பாடு டாக்டரின் அறைக்குள்ளும் நம்மோடு கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அங்கே அது செய்கிற காரியத்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம். ஞாபகம் தப்பிப்போன பெரியவர்களுக்குக் கொடுக்கிற மருந்தே அவர்களுக்கு நீர் அடங்காமல் செய்யலாம். அது மருந்தின் வேலை என்று தெரியாமல் அதற்கு இன்னொரு மருந்து கொடுக்கிறோம். இரண்டாவது மருந்து போய் முதல் மருந்தின் கழுத்தைப் பிடிக்கிறது. நடுவில் அகப்பட்டுக்கொண்டவரோ, தனக்கு என்ன ஆகிறது என்று எடுத்துச் சொல்லத் தெரியாதவர். இந்த அநியாயம் நடப்பதற்கு வீட்டில் யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. எல்லோரும் கொஞ்சம் வெட்கப்பட்டால் போதும்.

கற்பனையாக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். எங்கள் புதுச்சேரியில், வைசியாள் வீதிப் பக்கத்துப் பழைய வீடு. திண்ணை, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மரத்தூண்கள். இந்த மாதிரி வீடுகளைப் படம் பிடிக்க வெளியூர்க்காரர்கள் காமிராவோடு வருகிறார்கள். அவர்கள் படம் பிடிக்காத கழிவறை கொல்லைக் கோடியில், இரண்டு படி இறங்கி, அரை இருட்டில் இருக்கிறது. இந்த வீட்டு ஆயாவுக்கு வயது எழுபத்தெட்டு. சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் மறுபடி தட்டு வைக்கச் சொல்கிறாள். மகனைத் தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். மகன் நல்லவன், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறான். டாக்டரும் நல்லவர், பொறுமையாகக் கேள்விகள் கேட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, டோனெபெசில் என்ற மாத்திரையை ஐந்து மில்லிகிராம் எழுதிக் கொடுக்கிறார். ஒரு மாதம் பொறுத்து அதைப் பத்தாக்குகிறார். எல்லாம் முறைப்படி நடந்த வைத்தியம்தான். சில வாரங்களில் ஆயாவின் புடவை நனைய ஆரம்பிக்கிறது. முதலில் ராத்திரியில், பிறகு பகலிலும், முற்றத்தைத் தாண்டுவதற்குள்.

"அத்தைக்கு இப்படி ஆகுதுன்னு டாக்டர்கிட்டே சொன்னீங்களா?" என்று மருமகள் கேட்கிறாள்.

"அதைப் போய் எப்படிச் சொல்றது? நாலு பேரு உட்கார்ந்திருக்காங்க. அம்மாவும் பக்கத்திலேயே இருக்காங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே!"

ஆனாலும் துவைத்து மாளாமல், ஒரு நாள் மகன் தனியாக வேறொரு டாக்டரிடம் போகிறான். "அம்மாவுக்கு நீர் அடங்க மாட்டேன் என்கிறது" என்கிறான். அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதைச் சொல்லவில்லை. பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற சமயம். குடும்பத்தில் மூளைக் கோளாறு என்று பெயர் வந்துவிடக் கூடாதே! ஆக, ஞாபக டாக்டருக்கு மூத்திரம் தெரியாது; மூத்திர டாக்டருக்கு ஞாபகம் தெரியாது. இரண்டு வெட்கம், இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு. இரண்டாவது சீட்டில் ஆக்ஸிபியூட்டினின் என்றோ டால்டெரோடின் என்றோ ஒரு பெயர் இருக்கும். பத்து நாளில் புடவை காய்ந்துவிடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆயாவுக்கு மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, மலம் இறுகுகிறது, கண் மங்குகிறது, அந்தி சாய்ந்தால் திண்ணைக்கும் தெருவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "நோய் முற்றிவிட்டது" என்று மகன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். ராத்திரி கத்தாமல் இருக்க மூன்றாவதாக ஒரு மாத்திரையும் வருகிறது.

வீடு கற்பனை, மாத்திரைகள் கற்பனையல்ல. அவை உள்ளே போய் என்ன செய்கின்றன என்பதைச் சாஸ்திரக்காரர்கள் வெகு நாளாகவே அறிவார்கள். நம் உடம்பில் அசிடைல்கோலின் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. அது ஒரு தபால்காரன் மாதிரி. மூளைத் தெருவிலும் கடிதம் போடுவான். நீர்ப்பைத் தெருவிலும் கடிதம் போடுவான். மூளையில் அவன் போடும் கடிதம், 'இதை நினைவில் வை' என்பது. நீர்ப்பையில் போடும் கடிதம், 'சுருங்கு, வெளியேற்று' என்பது. அல்ஷைமர் நோயில் மூளைத் தெருவுக்குத் தபால்காரர்கள் குறைந்துபோகிறார்கள். வேலை முடிந்ததும் தபால்காரனை வீட்டுக்கு அனுப்புகிற நொதி ஒன்று உண்டு. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கலன்டமின் ஆகிய மருந்துகள் அந்த நொதியைத் தடுத்து, இருக்கிற தபால்காரனைக் கொஞ்சம் அதிக நேரம் சுற்றச் சொல்கின்றன. அவன் மூளைத் தெருவில் மட்டுமா சுற்றுவான்? நீர்ப்பைத் தெருவுக்கும் இரண்டு நடை கூடுதலாகப் போகிறான். அவசரம் பிறக்கிறது, கால் வேகமில்லாத கிழவிக்குப் புடவை நனைகிறது.

இரண்டாவது மாத்திரை அந்தத் தபால் பெட்டிகளை ஆணியடித்து மூடுகிற மருந்து. நீர்ப்பைத் தெருவில் மூடினால் சரி என்றுதான் கொடுக்கிறார்கள். ஆனால் ஆக்ஸிபியூட்டினின் போன்றவை ரத்தத்தோடு மூளைக்குள்ளும் புகுந்து அங்கேயும் பெட்டிகளை மூடுகின்றன. காலையில் ஒரு மாத்திரை தபால்காரனைப் போ போ என்று விரட்டுகிறது; மத்தியானம் இன்னொரு மாத்திரை அவன் முகத்தில் கதவைச் சாத்துகிறது. இரண்டுக்கும் கடையில் தனித்தனியாகப் பணம் கொடுக்கிறோம்.

டோனெபெசில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1996-இல். நான்கே வருஷத்தில், 2000-இல், ஜப்பானிய டாக்டர்கள் 'லான்செட்' பத்திரிகையில், இந்த மருந்தால் நீர் அடங்காமல் போகிறது, யாரும் கவனிக்கவில்லை என்று எழுதினார்கள். பிறகு கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஞாபக மறதி நோயுள்ள 44,884 முதியவர்களின் மருந்துக் கணக்கை எடுத்துப் புரட்டினார்கள். 1999 ஜூன் முதல் 2002 மார்ச் வரையிலான கணக்கு. அவர்களில் 20,491 பேர் இந்த ஞாபக மருந்தைச் சாப்பிட்டவர்கள், மற்றவர்கள் சாப்பிடாதவர்கள். பிற்பாடு நீர் அடக்கும் மாத்திரை எழுதப்பட்டது யாருக்கு என்று பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 4.5 பேருக்கு, சாப்பிடாதவர்களில் நூற்றுக்கு 3.1 பேருக்கு. வயது, பிற நோய்கள் எல்லாவற்றுக்கும் கழிவு போட்டுக் கணக்கிட்டபோது, மருந்து சாப்பிட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். 2005-இல் இது வெளியாயிற்று.

நூற்றுக்கு நாலரைதானே, இதற்கா இவ்வளவு கூச்சல் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த நாலரையில் தன் தாய் இருந்தால் கேட்க மாட்டார்கள். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. 'வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே' என்ற நம்முடைய சர்வரோக நிவாரணி வாக்கியத்துக்கு இந்தக் கணக்கில் பதில் இருக்கிறது. இரண்டு கூட்டத்தாரும் வயதானவர்களே. இரண்டு கூட்டத்தாருக்கும் மறதி நோய் உண்டு. வயதும் நோயும் இரு பக்கமும் இருக்க, ஒரு பக்கம் மட்டும் தராசு தாழ்ந்தது. மறதி நோய் முற்றினால் நீர் அடங்காமல் போவது உண்மைதான். நோய் செய்ததா மருந்து செய்ததா என்று கேட்காமலே சீட்டு எழுதப்படுகிறதே என்பதுதான் என் வழக்கு. பாவுலா ரோஷான், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் இந்த மாதிரி சங்கதிகளுக்கு 1990-களிலேயே ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் சொன்னால் 'மருந்துச் சீட்டு அருவி.' ஒரு பாறையில் விழுந்த தண்ணீர் அடுத்த பாறைக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. கீழே நிற்பவரின் தலையில்தான் அத்தனையும்.

இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்து முதியோர் விடுதிகளில் பார்த்தார்கள், 2008-இல் வெளியிட்டார்கள். ஞாபக மருந்து சாப்பிட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் நீர் அடக்கும் மாத்திரையும் சேர்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற காரியங்களைத் தாங்களே ஓரளவு நன்றாகச் செய்துகொண்டிருந்தவர்களை எடுத்துப் பார்த்தால், இரண்டும் சாப்பிட்டவர்கள் அந்தத் திறமையை இழந்த வேகம், ஒன்று மட்டும் சாப்பிட்டவர்களைவிட ஒன்றரை மடங்கு. ஞாபகப் பரீட்சை மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. தானாக எழுந்து தானாக இரண்டு பிடி சோறு சாப்பிடுகிற கிழவி அதை இழந்துவிட்டால், பரீட்சையில் எத்தனை மார்க்கு வாங்கி என்ன?

பெட்டியை மூடுகிற வேலையை நீர் அடக்கும் மாத்திரைதான் செய்கிறது என்றும் இல்லை. மூக்கு ஒழுகினால் மருந்துக் கடையில் நாமாகவே வாங்கும் ஏவில், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் எழுதப்படும் அமிட்ரிப்டிலின், வயிற்றுவலிக்கு வாங்கும் டைசைக்ளோமின் எல்லாம் ஏறக்குறைய இந்தச் சாதிதான்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தியப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் இது. அந்த வித்துதான் இன்றைய ஜிப்மர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கை மாறிப் போனாலும், பாரிஸில் மழை பெய்தால் இங்கே சிலர் குடை பிடிப்பது நின்றபாடில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரைச் 'சொல்தா' என்பது ஊர் வழக்கு. இன்னும் பல தெருக்களில் ஒரு வீடு இந்தியப் பிரஜை, அடுத்த வீடு பிரெஞ்சுப் பிரஜை. ஆகவே பிரான்ஸ் இந்த மருந்துகளை என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள எங்களுக்குப் பாத்தியதை உண்டு.

2018 ஆகஸ்டு 1 முதல், டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கலன்டமின், மெமன்டின் ஆகிய நாலு மருந்துகளுக்கும் சர்க்கார் காப்பீட்டிலிருந்து பணம் கிடையாது என்று பிரான்ஸ் கைவிரித்துவிட்டது. அதற்கு முன்பே மருந்துகளை மதிப்பிடும் அவர்களுடைய உயர் சபை 2011-லும் 2016-லும் சொல்லிவிட்டது: பலன் மிகச் சொற்பம்; வயிறு, இதயம், மனநிலை ஆகியவற்றில் தொந்தரவு உண்டு; மற்ற மருந்துகளோடு சேரும்போது ஆபத்து உண்டு. நோயாளிக் குடும்பங்களுக்காகப் பாடுபடும் சங்கத்தார் கொதித்தெழுந்தார்கள். பக்கத்தில் இங்கிலாந்தோ, அதே 2018-இல், இந்த மருந்துகளைக் கொடுக்கலாம் என்றே சொன்னது. ஒரே அத்தாட்சியை வைத்துக்கொண்டு கால்வாயின் இந்தக் கரையில் ஒரு தீர்ப்பு, அந்தக் கரையில் ஒரு தீர்ப்பு!

நான் பிரான்ஸ் பக்கம் வாதாட வரவில்லை. சில குடும்பங்களுக்கு இந்த மருந்து ஆறு மாதமோ ஒரு வருஷமோ அம்மாவின் முகத்தில் பழைய களையைக் கொஞ்சம் மீட்டுத் தந்திருக்கிறது. அதைப் பிடுங்குவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? இதைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையைத் தாமாகவே குப்பையில் எறிந்தால் அதுவும் தப்பு. நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டியது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பலன் இவ்வளவு, தொந்தரவு இவ்வளவு என்று வாய்விட்டுச் சண்டை போட்டார்கள் அல்லவா? அந்தச் சண்டை நம் வீடுகளில் நடக்கவில்லை. நாம் போட்ட சண்டையெல்லாம் யார் துவைப்பது என்பதுதான்.

ஒன்டாரியோவில் இப்படி எண்ண முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு மருந்துச் செலவைச் சர்க்கார் ஏற்கிறது. ஒவ்வொரு மாத்திரையும் கணக்கில் ஏறுகிறது. நம் ஆயாவின் கணக்கு எங்கே இருக்கிறது? பழைய பிஸ்கட் டப்பாவில். சின்ன ஊர் எங்களுடையது. அரை டஜனுக்கு மேல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரே நோயாளிக்கு ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் ஒரு நோட்டு, ஒவ்வொரு நோட்டுக்கும் தனி டப்பா. 1998-இல் நம் கொச்சியில்தான் உலக ஆராய்ச்சியாளர்கள் கூடி '10/66' என்று ஒரு குழு அமைத்தார்கள். மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடப்பதில்லை என்ற வெட்கக்கேட்டைத்தான் பெயராக வைத்தார்கள். சென்னையும் வேலூரும் அந்தக் குழுவில் வேலை செய்தன. 2023-இல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்த நோய். எத்தனை பேர் என்பது தெரிந்துவிட்டது. அவர்கள் டப்பாக்களில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். பட்டத்துக்காக ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிற மருத்துவ மாணவர்கள் இரண்டு பேர், ஒரு வருஷம், புறநோயாளிப் பகுதியில் உட்கார்ந்து, "பாட்டி, டப்பாவைத் திறங்க, பார்ப்போம்" என்று கேட்டால் போதும். கல்லூரி முதல்வர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களிடம் நான் கேட்பது இந்த ஒரு தலைப்பைத்தான்.

வெட்கத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 1965-இல் கொலம்பியா தேசத்து சாலமோன் ஹகீம் என்ற டாக்டர், பாஸ்டன் ரேமண்ட் ஆடம்ஸுடன் சேர்ந்து ஒரு நோயை விவரித்தார். மூளைக்குள் நீர் தேங்கிவிடுவது. அதற்கு மூன்று அடையாளங்கள்: நடை தடுமாறும், ஞாபகம் மங்கும், நீர் அடங்காது. மூன்றையும் சேர்த்துச் சொன்னால் கெட்டிக்கார டாக்டருக்குச் சந்தேகம் தட்டும். தேங்கிய நீரைக் குழாய் வைத்து வடித்துவிட்டால் சிலர் எழுந்து நன்றாக நடக்கவே தொடங்கிவிடுகிறார்கள். மூன்றாவது அடையாளத்தை நாம் மரியாதைக்காக விழுங்கிவிட்டால் டாக்டர் என்ன, ஜோசியரா? மூத்திரத்தில் கிருமி, மலச்சிக்கல், சர்க்கரை, ஆண்களுக்குப் பிராஸ்டேட், ரத்த அழுத்தத்துக்கு ராத்திரியில் விழுங்கும் நீர் மாத்திரை என்று இன்னும் எத்தனையோ சாதாரணக் காரணங்கள். எல்லாவற்றுக்கும் முதல் மருந்து வாயைத் திறந்து சொல்வதுதான்.

சரி, மாத்திரை வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று மகன் கேட்பான். முதலில் மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா, மாற்றலாமா என்று முதல் டாக்டரையே கேட்கட்டும். பிறகு கொல்லைக்கு ஒரு விளக்குப் போடட்டும். இரண்டு படிக்கு ஒரு கைப்பிடி. ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலிக் கழிவறை. புடவைக்குப் பதில் சட்டென்று விலக்கக் கூடிய ஓர் உடை. சாயங்காலம் இரண்டாவது காப்பியை நிறுத்துவது. இவற்றோடு, இரண்டு மணிக்கொரு தரம், "அம்மா, போயிட்டு வரலாமா?" என்று கேட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போவது. இந்தக் கடைசிக் காரியத்தால் நனைவது குறைகிறது என்பதை முதியோர் விடுதிகளில் பரீட்சை செய்தே கண்டிருக்கிறார்கள். அதற்கும் மிஞ்சி மருந்து வேண்டுமென்றால், அசிடைல்கோலின் பக்கமே போகாமல் வேறு வழியாக நீர்ப்பையைத் தளர்த்தும் மிராபெக்ரான் என்று ஒன்று ஜப்பானில் 2011 முதல் வந்திருக்கிறது. ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு டாக்டர் கொடுப்பார்.

இரண்டு மணிக்கொரு தரம் அழைத்துப் போவது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் வீடுகளில் அந்த 'யார்' என்பவள் மருமகள். இல்லாவிட்டால் கல்யாணமாகாத மகள். மாத்திரை விழுங்க வைப்பது மகனுக்குச் சுலபம்; ஒரு கை, ஒரு டம்ளர் தண்ணீர். அம்மாவைக் கொல்லைக்கு அழைத்துப் போவது ஆண்பிள்ளைக்கு லட்சணமில்லை என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை. அந்தத் தாய் இவனுக்கு மூன்று வயது வரை செய்தது என்னவாம்? இந்த வீட்டில் இரண்டாவது சீட்டு நுழைந்ததற்கு டாக்டர் பாதி காரணம் என்றால், கையைப் பிடிக்க மனமில்லாத ஆண்பிள்ளை மற்றப் பாதி. இதைச் சொன்னதற்காக எனக்குக் கடிதம் எழுதித் திட்டப் போகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். கடிதத்தைத் தாயாரின் அறையில் உட்கார்ந்து எழுதினால் போதும்.

மருந்துக் கடைக்காரரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகள் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆனால் காலியான மாத்திரை அட்டையை நீட்டினால், பத்து நாளுக்கென்று எழுதின மருந்து பத்து வருஷத்துக்கு ஓடுகிறது. ஒரே பையில் டோனெபெசிலும் ஆக்ஸிபியூட்டினினும் போட்டுக் கொடுக்கிற ஒரே மனிதர் அவர்தான்; இரண்டு டாக்டர்களும் பார்க்காத காட்சி அவர் மேஜையில் நடக்கிறது. மருந்தாளர் படிப்புப் படித்தவர் கடையில் இருக்க வேண்டும் என்ற விதி எதற்காக? "இது ரெண்டும் ஒருத்தருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்பதற்காகவாவது இருக்கட்டுமே.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெயர்களை நினைவிலிருந்து சொல்லக் கூடாது. சளி மாத்திரை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்துக் கடைச் சூரணம் எல்லாமும் அதில் இருக்கட்டும். கூடவே, சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டர் ஒன்று இருக்குமே, பால் கணக்கும் காஸ் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுவதற்கு, அதில் இரண்டு தேதிகளை வட்டமிடச் சொல்கிறேன். முதல் மாத்திரை ஆரம்பித்த நாள் ஒன்று. முதன்முதல் புடவை நனைந்த நாள் இன்னொன்று. மருமகளுக்கு இரண்டும் துல்லியமாகத் தெரியும். இரண்டாவது தேதியில் துவைத்தவள் அவள்தானே! தாளைக் கிழித்துக்கொண்டு போய் டாக்டரின் மேஜையில் வைக்க மகனுக்குக் கூச்சமாக இருந்தால், அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும்; அவளே உள்ளே போகட்டும்.